மலை இறக்கத்தில் டிஸ்க் பிரேக் பேட் எத்தனை நாள் தாங்கும்?

சைக்கிளில் மலை ஏறப் பழகிய புதிதில், பார்க்கிறவர்களிடமெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். டிஸ்க் பிரேக் பேட் ஒரு செட் எத்தனை கிலோமீட்டர் வரும்? ஒருவர் 800 என்றார். இன்னொருவர், 5,000 தாண்டியும் பாதிகூடத் தேயவில்லை என்றார். சரி, நடுவில் வைத்துக்கொள்வோம் என்று 2,000 என நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். இருவரும் உண்மையைத்தான் சொன்னார்கள், தப்பு என் கேள்வியில் இருந்தது என்று தெரிவதற்குள் ஒரு ரோட்டரை, அதாவது சக்கரத்தோடு சுற்றும், பேட் இருபுறமும் இறுக்கிப் பிடிக்கும் எஃகுத் தட்டைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

வாரத்தில் இரண்டு நாள் நான் போகும் பாதையைச் சொல்லிவிடுகிறேன். 6 கி.மீ. சமதளம், அப்புறம் 9 கி.மீ. ஏற்றம், உச்சியில் பத்து நிமிடம் மூச்சு வாங்கிவிட்டு அதே வழியில் திரும்புவது. ஏறும் உயரம் சுமார் 620 மீட்டர். சராசரிச் சரிவு 7 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. ஆனால் சில கொண்டை ஊசி வளைவுகளுக்கு முன்னால் 10, 12 சதவீதம் வரை செங்குத்தாகும். நான், சைக்கிள், தண்ணீர், பஞ்சர் சாமான் எல்லாம் சேர்த்து 85 கிலோ. ஒரு தடவை போய்வந்தால் 30 கி.மீ. மீட்டரில் ஏறும். அதில் பிரேக் உருப்படியாக வேலை பார்ப்பது இறங்கும் 9 கி.மீ.யில் மட்டும். மீதி 21 கி.மீ. பேட் சும்மா உட்கார்ந்து என்னோடு சவாரி வருகிறது. சமதளத்தில் ஓட்டுகிறவருக்கு 5,000 வருவதும், வாரத்தில் நாலு நாள் மலையில் ஓட்டுகிறவருக்கு 800 வருவதும் இதனால்தான்.

34-ஆவது தடவை இறங்கும்போது பின்னால் வந்த பையன் கத்தினான். "அண்ணே, பின்சக்கரத்துல ஏதோ உரசுது!" எனக்கும் கேட்டது. பிரேக் பிடிக்கும்போது மட்டும் சரளைக்கல்லை இரும்பில் தேய்ப்பது மாதிரி ஒரு சத்தம். "மண்ணு மாட்டியிருக்கும், கீழ போனா சரியாயிடும்" என்றேன். இரண்டு வளைவு தாண்டியதும் அந்தச் சத்தம் கிறீச்சென்று ஆனது, பிரேக் பிடிமானமும் குறைந்தது. நிறுத்திவிட்டுப் பார்த்தேன். ரோட்டரில் பழைய இசைத்தட்டு மாதிரி வட்ட வட்டமாகக் கோடு. நகத்தை வைத்து இழுத்தால் சிக்கியது. பேடில் தேய வேண்டிய பகுதி ஒரு பக்கம் சுத்தமாக இல்லை, அதைத் தாங்கும் இரும்புத் தகடே ரோட்டரை அரைத்துக்கொண்டிருந்தது. இரண்டு பேடுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய ஸ்பிரிங்கின் ஒரு கால் வளைந்து உள்ளே இழுபட்டிருந்தது. மீட்டரில் மொத்தம் 1,020 கி.மீ. காட்டியது. நான் நம்பியிருந்த 2,000-ல் பாதிதான். மீதி இறக்கத்தை முன்பிரேக்கை வைத்து மெல்ல ஓட்டியும், செங்குத்தான இடங்களில் இறங்கித் தள்ளியும் முடித்தேன். கேலி செய்யாமல் கூடவே அந்தப் பையனும் தள்ளிக்கொண்டு வந்தான்.

வீட்டுக்கு வந்து யோசித்தபோது ஒரு விஷயம் உறைத்தது. அன்று காலை வரைக்கும் பிரேக் லீவரில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. முதல் நாள் எவ்வளவு இழுத்தால் பிடித்ததோ, கடைசி நாளும் அவ்வளவுதான். ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக் பிரேக்கின் வசதியும் அதுதான், வில்லங்கமும் அதுதான். பேட் தேயத் தேய காலிப்பருக்குள் (பேடுகளைத் தாங்கி ரோட்டரைக் கவ்வும் கூடு) இருந்து பேடைத் தள்ளும் பிஸ்டன் தானாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து இடைவெளியைச் சரி செய்துகொள்ளும், மேலே லீவரில் இருக்கும் குட்டித் தொட்டியிலிருந்து ஆயில் இறங்கி அந்த இடத்தை நிரப்பும். கைக்குத் தேய்மானம் தெரியாது. கேபிள் இழுக்கும் மெக்கானிக்கல் டிஸ்க் என்றால் கதை வேறு. அதில் லீவர் நாளுக்கு நாள் கைப்பிடியை நோக்கி வந்துகொண்டே இருக்கும், நாமாகத் திருகி நெருக்க வேண்டும். தொல்லைதான், ஆனால் மாதம் ஒரு முறை உங்களைக் குனிந்து பார்க்க வைத்துவிடும்.

அதற்கு அப்புறம் ஒரு சின்ன நோட்டுப் போட்டேன். தேதி, எத்தனை மீட்டர் இறங்கினேன், மழையா வெயிலா, பத்துத் தடவைக்கு ஒரு முறை பேடைக் கழற்றி வெர்னியர் அளவுகோலில் அளந்த தடிமன். அவ்வளவுதான். கிலோமீட்டர் என்று ஒரு கட்டமே போடவில்லை.

ஏன் இறக்கத்தின் மீட்டரில் எழுத வேண்டும் என்பதற்குப் பள்ளிக்கூட இயற்பியல் போதும். 85 கிலோவை 620 மீட்டர் உயரத்துக்கு ஏற்றினால் சுமார் 5 லட்சம் ஜூல் ஆற்றல் அதில் சேர்ந்திருக்கும். கீழே வந்து நிற்கும்போது அது முழுவதும் எங்கேயாவது போயாக வேண்டும். கொஞ்சம் டயருக்கு, கொஞ்சம் காற்றுக்கு, மீதியெல்லாம் இரண்டு ரோட்டருக்கும் நாலு பேடுக்கும். 5 லட்சம் ஜூல் என்றால் ஒன்றரை லிட்டர் பச்சைத்தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகும் சூடு. கட்டைவிரல் அகலப் பேடுகள் இதில் பெரும்பகுதியை ஒவ்வொரு தடவையும் வாங்குகின்றன. ஒரு நாள் கீழே வந்ததும் தண்ணீர் பாட்டிலிலிருந்து ஒரே ஒரு சொட்டு ரோட்டர் மேல் விட்டுப் பார்த்தேன். 'சுர்' என்று ஒரு சத்தம், சொட்டு இருந்த இடமே தெரியவில்லை. (ஒரு சொட்டோடு நிறுத்துங்கள். சூடான ரோட்டரில் பாட்டிலைக் கவிழ்த்தால் அது கோணிக்கொள்ளும். விரலால் தொட்டும் பார்க்க வேண்டாம், நான் பார்த்திருக்கிறேன்.)

இதில் எனக்கு நம்ப முடியாமல் போனது வேகத்தைப் பற்றிய கணக்கு. மெதுவாகப் போகிறவனுக்குப் பேட் குறைவாகத் தேயும் என்றுதான் நினைத்திருந்தேன். நேர்மாறு. 10 சதவீதச் சரிவில் 85 கிலோவைப் பாதை சுமார் 8.5 கிலோ விசையோடு கீழே இழுக்கிறது. மணிக்கு 20 கி.மீ.யில் போனால் எதிர்க்காற்று அதில் ஒரு கிலோகூட எடுத்துக்கொள்வதில்லை, டயர் ஒரு அரைக்கிலோ. மீதி 7 கிலோவுக்கு மேல் பிரேக்தான் தாங்க வேண்டும். அதே சரிவில் 50 கி.மீ.யில் போனால் காற்று மட்டுமே நாலரைக் கிலோ அளவுக்கு இழுத்துப் பிடிக்கும். பிரேக்கின் பங்கு மூன்று சொச்சமாகக் குறைந்துவிடும். அதற்காக இறக்கத்தில் பறக்கச் சொல்லவில்லை. கண்ணுக்கு எட்டிய வரை காலியாக, நேராக இருக்கும் இடத்தில்கூட பயந்துகொண்டு பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வருவதில் பேட்தான் கரைகிறது என்று சொல்கிறேன். என்னைவிடப் பத்துக் கிலோ அதிகமுள்ள ஒருவர் என்னோடு இறங்குவார். அவருடைய பேட் என்னுடையதைவிட அதிக நாள் வரும். அவர் வளைவுக்கு முன்னால் மட்டும் பிரேக் பிடிப்பார், நான் வழி முழுக்கப் பிடிப்பேன். வேறு ரகசியம் இல்லை.

பின்பக்கம் முதலில் போனதற்கும் என் பயம்தான் காரணம். முன்பிரேக்கைப் பிடித்தால் தலைகுப்புற விழுவோம் என்று சின்ன வயதில் மனதில் பதிந்துபோனது. அதனால் இறக்கம் தொடங்கியதும் பின்பிரேக்கை லேசாகப் பிடித்தவன் அடிவாரம் வரை விடவே மாட்டேன். பின்பேட் தகடு வரை தேய்ந்த அன்று முன்பேடில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் மிச்சம் இருந்தது. உண்மையில் பிரேக் பிடிக்கும்போது எடை முன்சக்கரத்துக்குப் போகிறது, நிறுத்தும் வேலையை நன்றாகச் செய்யக்கூடியது முன்பிரேக்தான். உடம்பைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, கைகளை ஊன்றி, இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் தலைகுப்புற விழ மாட்டோம். இதைக் காலியான ஒரு சின்னச் சரிவில் இருபது, முப்பது தடவை பழகிய பிறகுதான் உடம்பு நம்பியது.

இரண்டாவது செட்டில் இறங்கும் முறையை மாற்றினேன். நேர்ப்பாதையில் விடுவது. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தால் காற்றே கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். வளைவு தெரிந்ததும் இரண்டு பிரேக்கையும் அழுத்தமாக, சில விநாடி மட்டும் பிடித்து வேகத்தை இறக்கிவிட்டு முழுசாக விட்டுவிடுவது. விட்ட நேரத்தில் ரோட்டர் காற்றில் ஆறும். முதல் செட் 34 தடவையில், அதாவது சுமார் 21,000 மீட்டர் இறக்கத்தில் தகடு தெரிந்தது. அதே வகைப் பேட், அதே பாதை, இரண்டாவது செட் 50 தடவை, 31,000 மீட்டர் வந்தது. அதுவும் தகடு வரை விடாமல், அரை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கும்போதே கழற்றியது. முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒன்றாகத் தேய்ந்திருந்தன.

அந்தச் செட்டையும் ஆரம்பத்தில் கெடுக்கப் பார்த்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். புதுப் பேடை மாட்டியதும் நேரே மலைக்குப் போய்விட்டேன். பாதி இறக்கத்தில் ஊளைச் சத்தம், பிடிமானம் வழுக்கலாக இருந்தது. கழற்றிப் பார்த்தால் பேடின் முகம் கண்ணாடி மாதிரிப் பளபளவென்று இருந்தது. புதுப் பேடை ரோட்டரோடு பழக்க வேண்டும் என்று அதற்குப் பிறகுதான் படித்தேன். சமதளத்தில் மிதமான வேகத்தில் போய், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல், நடைவேகம் வரும்வரை அழுத்திப் பிடித்து விடுவது ஒரு இருபது தடவை. அப்புறம் கொஞ்சம் கூடுதல் வேகத்தில் ஒரு பத்துத் தடவை. முழுசாக நிறுத்தக் கூடாது. பேடின் பொருள் ரோட்டர் முழுக்க ஒரே சீராக மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளத்தான் இவ்வளவும். அந்தப் படலம் இல்லாமல் சூடு ஏறினால் பேடின் முகம் இறுகிப் பாலிஷ் ஏறிவிடும். என்னுடையதை உப்புத்தாளைத் தரையில் விரித்து, அதன் மேல் எட்டுப் போடுகிற மாதிரி லேசாகத் தேய்த்து, ரோட்டரை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, முதலிலிருந்து பழக்கினேன். சரியாகிவிட்டது. உப்புத்தாளில் கொஞ்சம் ஆயுள் போனதென்னவோ உண்மை.

மூன்றாவது செட்டின் கணக்கைப் பார்த்தால் யாருக்கும் நோட்டு எழுதுவதே வெறுத்துவிடும். 12 தடவை. 7,400 மீட்டர். முடிந்தது.

மழைதான். வெயில் நாளில் ஒரு இறக்கத்துக்குச் சராசரியாக 0.03 மி.மீ. தேய்ந்துகொண்டிருந்த பேட், ஒரே ஒரு மழை நாளில் 0.4 மி.மீ. போனது. 13 வெயில் நாளின் தேய்மானம் ஒரே காலையில்! அன்று பாதை ஓரத்து மண் கரைந்து தார்ச்சாலை முழுக்கப் பரவியிருந்தது. டயர் அதை வாரி ரோட்டர் மேல் அடிக்கிறது. பேடுக்கும் ரோட்டருக்கும் நடுவில் தண்ணீரும் மணலும் சேர்ந்தால் அது உப்புத்தாள் வேலையைத்தான் பார்க்கும். கீழே வந்து சைக்கிளைச் சாய்த்தபோது காலிப்பரிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு குழம்பு ஒழுகி, சட்டத்தில் கோடு கோடாக இறங்கியிருந்தது. விரலில் தொட்டுத் தேய்த்தால் நறநறவென்றது. அந்தக் குழம்புதான் என் பேட். சேற்றுப் பந்தயங்களில் ஒரே நாளில் புதுப் பேட் தீர்ந்துபோவதைப் பற்றிப் படித்தபோது மிகைப்படுத்துகிறார்கள் என்று நினைத்திருந்தேன், இப்போது நினைப்பதில்லை. மழையில் இறங்கி வந்த நாளில், வீட்டுக்கு வந்ததும் காலிப்பருக்குள் வெறும் தண்ணீரை மெதுவாக ஓடவிட்டு மணலைக் கழுவுவது வழக்கமாகிவிட்டது. அழுத்தத்தோடு பீய்ச்சக் கூடாது, பிஸ்டன் சீலுக்குள் மணல் போய்விடும்.

மூன்று செட்டுமே ரெசின் பேட், ஆர்கானிக் என்றும் சொல்வார்கள். நார்களும் உராய்வுத் தூள்களும் பிசினில் கலந்து இறுக்கியவை. சத்தம் குறைவு, குளிர்ந்திருக்கும்போதே நன்றாகப் பிடிக்கும், ஆனால் மழைக்கும் அதிகச் சூட்டுக்கும் தாங்காது. நாலாவது செட்டுக்கு உலோகத்தூளைச் சூட்டில் இறுக்கிச் செய்த சின்டர்டு பேடுக்கு மாறினேன். வாங்குவதற்கு முன் ரோட்டரைப் பார்த்துவிட வேண்டும். விலை குறைந்த சில ரோட்டர்களில் ரெசின் பேட் மட்டும் என்று ஆங்கிலத்தில் பொறித்தே இருக்கும். அவற்றின் எஃகு மிருதுவானது, உலோகப் பேடைப் போட்டால் பேட் பிழைத்துக்கொள்ளும், ரோட்டர் தேய்ந்துபோகும். என் பழைய ரோட்டர் அப்படிப்பட்டதுதான். அது ஏற்கெனவே குப்பைக்குப் போயிருந்ததால் மாற்றிப் போட்டிருந்தது இரண்டு வகைக்கும் ஏற்றதாக இருந்தது, முன்பக்கம் மட்டும் புதிதாக மாற்றினேன்.

சின்டர்டு பேட் மழையும் வெயிலும் கலந்து 90 தடவை வந்தது. ஏறக்குறைய 56,000 மீட்டர் இறக்கம். ஆனால் எல்லாம் நல்லது என்று சொல்ல மாட்டேன். காலையில் முதல் இரண்டு பிடியில் கொஞ்சம் மந்தமாக இருக்கும், சூடு ஏறினால்தான் சுறுசுறுப்பு. நனைந்தால் ஊரையே எழுப்பும். உலோகம் சூட்டை நன்றாகக் கடத்துவதால் பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் கூடுதல் சூடு போகும். சமதளத்தில் ஓட்டுகிறவர் இதை வாங்கிப் போட்டால் சத்தம்தான் மிச்சம் என்பது என் அபிப்பிராயம். மழையோடு மலையில் ஓட்டுகிறவர்கள் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இனி, எப்போது மாற்றுவது என்ற விஷயம். புதுப் பேடில் தேயும் பகுதி ஏறக்குறைய 2 மி.மீ. இருக்கும். பின்தகட்டோடு சேர்த்து 4 மி.மீ. பக்கம். பிரேக் செய்யும் கம்பெனிகளில் ஷிமானோ சொல்வது, தேயும் பகுதி 0.5 மி.மீ. ஆனதும் மாற்றிவிடு என்று. ஸ்ராம் தகட்டையும் சேர்த்துச் சொல்கிறது, மொத்தம் 3 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது என்று. வெர்னியர் இல்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஏடிஎம் கார்டின் தடிமன் 0.76 மி.மீ. எல்லா நாட்டிலும் எல்லா வங்கியிலும் அதே அளவுதான், சர்வதேசத் தரம். சக்கரத்தைக் கழற்றி, டார்ச்சை ஒரு பக்கம் பிடித்து மறுபக்கத்திலிருந்து காலிப்பருக்குள் பாருங்கள். கார்டின் விளிம்பைப் பக்கத்தில் வைத்துக் கண்ணால் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். மிச்சம் இருப்பது கார்டைவிட மெலிதாகத் தெரிந்தால் புதுப் பேட் வாங்கி வைத்துவிடுவேன். ஸ்பிரிங்கைப் பேட் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் உண்டு. ஸ்பிரிங் வெள்ளையாக மின்னும், தேயும் பகுதி மங்கலாக, பொடி அப்பினாற்போல் இருக்கும். ரோட்டரையும் அப்படியே அளந்துவிடலாம். ஷிமானோ ரோட்டர் புதிதாக இருக்கும்போது 1.8 மி.மீ., 1.5 ஆனால் மாற்ற வேண்டும். பிரேக் பட்டையின் ஓரத்தில் விரல் வைத்தால் படி மாதிரி ஒரு பள்ளம் தட்டுப்பட்டாலே சந்தேகப்படலாம்.

பார்க்கும்போது இரண்டு பேடையும் பார்க்க வேண்டும். என் முதல் செட்டில் ஒரு பேட் மொட்டையாகியிருந்தபோது எதிர்ப் பேடில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஒரு பிஸ்டன் அழுக்கால் இறுகிச் சரியாக நகராமல் இருந்ததுதான் காரணம். அழுக்கேறிய பிஸ்டனைச் சுற்றித் துடைத்து, அந்தப் பிரேக்குக்கு உரிய ஆயிலை ஒரு சொட்டுத் தடவி, உள்ளே தள்ளி வெளியே வரவைத்து நாலு தடவை செய்தால் பெரும்பாலும் இளகிவிடும். ஒரே பேடே மேலே தடிமனாகவும் கீழே மெலிதாகவும் சாய்வாகத் தேய்ந்திருந்தால், காலிப்பர் ரோட்டருக்கு நேராக உட்காரவில்லை என்று அர்த்தம். அதன் இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, பிரேக்கைப் பிடித்தபடியே மறுபடி இறுக்கினால் நேராகிவிடும். கைக்கு எட்டாதென்றால் லீவரை ஒரு ரப்பர் பேண்டால் கட்டிக்கொள்ளலாம்.

பேட் தேய்ந்து முடியாமலே செத்துப்போவதும் உண்டு. செயினுக்கு ஸ்பிரே அடித்தபோது ஆயில் காற்றில் பறந்து பின் ரோட்டரில் படிந்துவிட்டது. எனக்குத் தெரியாது. அடுத்த நாள் பிரேக் பிடித்தால் யானை பிளிறுவது மாதிரிச் சத்தம், பிடிமானம் பாதி. பேடை உப்புத்தாளில் தேய்த்தேன். ஆல்கஹாலில் ஊறவைத்தேன். நெருப்பில் வாட்டினால் ஆயில் போய்விடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதையும் செய்தேன், வீடு முழுக்க நாற்றம். ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் நன்றாக இருந்து மறுபடி பிளிறியது. பேட் ஆயிலைக் குடித்துவிட்டால் முடிந்தது, தூக்கிப் போடுவதுதான் வழி. அதிலிருந்து செயினுக்குச் சொட்டு ஆயில்தான், ரோட்டரை ஒரு துணியால் மூடிவிட்டுத்தான் போடுவது.

மாட்டும் வேலை கடினமில்லை, ஆனால் இரண்டு இடத்தில் நான் சறுக்கினேன். பழைய பேட் தேய்ந்திருக்கும்போது பிஸ்டன் வெளியே வந்து நிற்கும். புதிது தடிமன் என்பதால், பிஸ்டனை உள்ளே தள்ளினால்தான் ரோட்டர் நுழைய இடம் கிடைக்கும். பழைய பேடை உள்ளேயே விட்டு, நடுவில் பிளாஸ்டிக் டயர் லீவரைக் கொடுத்து மெதுவாக விரித்தால் பிஸ்டனில் கீறல் விழாது. நான் நேரடியாக ஸ்க்ரூடிரைவரை வைத்தேன், பீங்கான் பிஸ்டனாக இருந்திருந்தால் விளிம்பு உடைந்திருக்கும். இன்னொன்று, இடையில் லீவர் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கிறதே என்று தொட்டியில் ஆயிலை நிரப்பியிருந்தேன். பிஸ்டனை உள்ளே தள்ளியதும் அந்த ஆயில் போக இடமில்லாமல் மேலே லீவர் பக்கம் கசிந்து கைப்பிடியெல்லாம் வழிந்தது. தேய்ந்த பேடோடு ஆயில் நிரப்பினால் இதுதான் நடக்கும். என்னுடையது மினரல் ஆயில், அதனால் துடைத்ததோடு போயிற்று. டாட் வகை ஆயிலாக இருந்தால் பெயின்ட்டையே அரித்துவிடும். எந்த ஆயில் என்பது பெரும்பாலும் தொட்டி மூடியிலேயே எழுதியிருக்கும். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை ஊற்றினால் சீல் எல்லாம் கெட்டுவிடும். சக்கரம் வெளியே இருக்கும்போது யாராவது லீவரை அமுக்கிப் பார்த்துவிடாமல் காவல் இருப்பதும் முக்கியம், வீட்டில் குழந்தைகள் இருந்தால் இன்னும் முக்கியம். பேட் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிஸ்டன் அளவுக்கு மீறி வெளியே வந்துவிடும்.

ஒரு முறை பின்னால் 18 கிலோ பை கட்டிக்கொண்டு ஐந்து நாள் மலைப்பயணம் போனேன். எடை கூடினால் தேய்மானம் அதே விகிதத்தில்தானே கூடும் என்று நினைத்தேன், அதைவிட வேகமாகப் போனது. பை ஆடுவதால் வேகமாக விட மனம் வரவில்லை, பழையபடி பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே இறங்கினேன். மூன்றாம் நாள் ஒரு நீண்ட இறக்கத்தில் லீவர் திடீரென்று மெத்தென்று ஆகி, கைப்பிடி வரை வந்துவிட்டது. ஆயில் அளவுக்கு மீறிச் சூடாகி உள்ளே ஆவிக்குமிழி உண்டாகிவிட்டால் இப்படித்தான் ஆகும், குமிழி நசுங்குமே தவிர பிஸ்டனைத் தள்ளாது. டாட் 5.1 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 260 டிகிரி வரை கொதிக்காது, ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், ஈரம் ஏறினால் 180 வரை இறங்கிவிடும். மினரல் ஆயில் ஈரத்தை இழுக்காது, ஆனால் எப்படியோ உள்ளே போன தண்ணீர் கலக்காமல் பள்ளத்தில், அதாவது காலிப்பரில், தேங்கி நிற்கும். என்னுடையதில் எது நடந்திருந்தாலும் அப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். இன்னொரு பிரேக்கை வைத்து மெதுவாக ஓரம்கட்டி, அரை மணி நேரம் நிழலில் உட்கார்ந்தேன். ஆறியதும் லீவர் பழையபடி இறுகியது. பேட் மெலிதாக மெலிதாக பிஸ்டனுக்குச் சூடு சீக்கிரம் போகிறது என்பதால், இப்போது நீண்ட பயணத்துக்குப் பாதிக்கு மேல் தேய்ந்த பேடோடு கிளம்புவதில்லை. பின்னால் 160 மி.மீ. விட்டமுள்ள ரோட்டரை அப்படியே வைத்துக்கொண்டு முன்னால் 180-க்கு மாற்றினேன், அதற்கு முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் இடம் கொடுக்கிறதா என்று பார்த்துக்கொண்டுதான். பெரிய ரோட்டர் சீக்கிரம் ஆறும்.

இப்போது இருக்கைப் பையில் ஒரு ஜோடிப் பேட், ஒரு ஸ்பிரிங், பேடுகள் கழன்று விழாமல் பிடிக்கும் ஒரு ஸ்ப்ளிட் பின், ஆலன் கீ, கையுறை ஒன்று. ஸ்ப்ளிட் பின்னைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம், ஒரு முறை பாதை ஓரத்தில் அது புல்லுக்குள் விழுந்து முக்கால் மணி நேரம் தேடினேன். பேட் வாங்கும்போது பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போவேன். ஒரே கம்பெனியிலேயே ஏகப்பட்ட வடிவங்கள் இருக்கின்றன, பார்க்க ஒன்று போலவே இருக்கும், காலிப்பருக்குள் போகாது.

போன ஞாயிற்றுக்கிழமை அளந்தது நோட்டில் இருக்கிறது. ஐந்தாவது செட், சின்டர்டு, 38 தடவை, 23,500 மீட்டர். முன்னால் 1.4, பின்னால் 1.3. அன்றைக்கு அந்தப் பையனின் சைக்கிளையும் கவிழ்த்துப் போட்டுப் பார்த்தோம். பின்னால் 0.6 இருந்தது. "போன மாசம்தான் சர்வீஸ் பண்ணேன் அண்ணே" என்றான். பேச்சை வளர்க்காமல் ஏடிஎம் கார்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.